மூட்டுகளை வைத்து ஒரு வரிசை: ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ ஆல்பத்தின் எட்டுப் பாடல்கள்

மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ ஆல்பத்தில் தள்ளிவிடக்கூடிய பாட்டு ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்துவது சிரமமாக இருப்பதும் அதனால்தான். எந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) கனமானது என்று கேட்டால் எட்டுப் பாட்டும் கை தூக்கும். எது வேகமானது என்று கேட்டால் கடைசிப் பாட்டு ஜெயித்துவிடும், அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. எது பிரபலம் என்பதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே இங்கே அளவுகோல் ஒன்றே ஒன்று: மூட்டு. ஒரு ரிஃப் முடிந்து அடுத்த ரிஃப் பிடித்துக்கொள்ளும் இடம். எட்டுப் பாட்டுக்கு ஏறக்குறைய 55 நிமிடம் என்றால் சராசரியாக ஒரு பாட்டுக்கு ஏழு நிமிடம் வருகிறது. மூன்று பாடல்கள் எட்டு நிமிடத்தையும் தாண்டுகின்றன. ஒவ்வொன்றிலும் அரை டஜனுக்குக் குறையாத ரிஃப்கள். இவ்வளவு நீளமான பாட்டில் தனித்தனி ரிஃப் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூட்டு ஆடினால் பாட்டு ஆடிவிடும். 1980-களின் த்ராஷ் (அதிவேக மெட்டல்) ஆல்பங்கள் பலவற்றில் நல்ல ரிஃப்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. இந்த ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறது. எதில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதுதான் இந்த வரிசை.

பின்னணி சுருக்கமாக: மெட்டாலிகாவின் மூன்றாவது ஆல்பம். 1985 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கோபன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்முசெனுடன் பதிவானது. மிக்ஸிங் மைக்கேல் வாகனர். 1986 மார்ச் 3-ல் வெளியானது. ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் (குரல், கிட்டார்), லார்ஸ் உல்ரிக் (ட்ரம்ஸ்), கிர்க் ஹாமெட் (கிட்டார்), கிளிஃப் பர்ட்டன் (பேஸ்) என்ற நால்வர் சேர்ந்து செய்த கடைசி ஆல்பம் இது. அதே ஆண்டு செப்டம்பர் 27-ல் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் பர்ட்டன் இறந்துபோனார்.

முதல் இடம்: ஓரியன்

ஓரியனா, தலைப்புப் பாட்டா என்பதுதான் இந்த ஆல்பத்தின் நிரந்தர வழக்கு. ஓரியன் முன்னே போவதற்குக் காரணம் எளிது. அதில் குரல் இல்லை. பாடகர் இருந்தால் பலவீனமான மூட்டை ஒரு வரி பாடி மறைத்துவிடலாம். ஓரியனுக்கு அந்த வசதி கிடையாது. எட்டரை நிமிடமும் ரிஃப்தான் பேச வேண்டும், மூட்டுதான் தாங்க வேண்டும்.

தொடக்கத்தில் மெல்ல மேலெழுந்து வரும் அந்த ஒலி ஆர்கன் மாதிரிக் கேட்கும். அது பர்ட்டனின் பேஸ் கிட்டார்; எஃபெக்ட் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதிவு செய்தது. அது தேய்ந்து முதன்மை ரிஃப் வருகிறது. அதற்குப் பிறகு முதல் பகுதியில் வரும் ஒரு சோலோவைப் பலர் வருடக்கணக்கில் கிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். அதுவும் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்ட பேஸ்தான். ஹெட்போனில், நடுவில் நிற்கும் தடித்த ஒலியைப் பின்தொடர்ந்தால் பிடிபடும்.

ஆல்பத்தின் மிகச் சிறந்த மூட்டு பாட்டின் பாதியில் இருக்கிறது. கனமான பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் விலகிக்கொள்கிறார்கள். மிஞ்சுவது பேஸ் மட்டும். அதுவும் 6/8 தாளத்தில், தாலாட்டு மாதிரி அசைந்தாடும் ஒரு வரி. நடையே மாறிவிட்டது, ஆனாலும் திருகிவிட்ட உணர்வு வருவதில்லை. காரணம், அந்த வரியைத் தனியாக நிற்க விடுகிறார்கள். அது சில சுற்று சுற்றி, காது புது நடைக்குப் பழகிய பிறகே கிட்டார்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. ஏறிய பிறகு இரண்டு கிட்டார்களும் இணைசுரத்தில் பாடுகின்றன. அவசரப்பட்டிருந்தால் இது இரண்டு பாட்டை ஒட்டவைத்தது போல ஆகியிருக்கும். மெட்டல் இசையில் பொறுமை எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை இந்த அரை நிமிடத்தைவிட நன்றாகக் காட்டும் இடம் குறைவு.

பர்ட்டனின் இறுதி நிகழ்வில் ஒலித்த பாட்டும் இதுதான். மேடையில் இதை முழுமையாக அவர்கள் முதன்முதலில் வாசித்தது இருபது ஆண்டு கழித்து, 2006-ல்.

இரண்டாம் இடம்: மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்

இதை இரண்டாவதாக வைப்பது பலருக்கு உறுத்தும். உறுத்தட்டும், இடைவெளி மயிரிழைதான்.

இந்தப் பாட்டின் சூட்சுமம் சரணத்து ரிஃப்பில் இருக்கிறது. மூன்று சுற்று முழு 4/4. நான்காவது சுற்று பாதியிலேயே அறுபட்டு மறுபடி தொடங்கிவிடும். நொட்டேஷன் புத்தகங்களில் அந்தக் கடைசிச் சுற்றை 5/8 என்று எழுதியிருப்பார்கள். பதிவை மெட்ரோனோம் போட்டு அளந்தால் 5/8-ஐவிட ஒரு துளி நீள்கிறது. எண்ணி வைத்து எழுதியதாகத் தெரியவில்லை, உடம்பு உணர்ந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். பொம்மையின் நூலைச் சுண்டி இழுத்தாற்போல ஒவ்வொரு நான்காவது சுற்றிலும் கேட்பவரை முன்னால் இழுக்கிறது. போதைப் பொருள் மனிதனை ஆட்டிவைப்பதைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தாளம் அமையாது.

நடுவில் வேகம் பாதியாகக் குறைந்து கிளீன் கிட்டார், அதாவது டிஸ்டார்ஷன் இல்லாத கிட்டார், வருகிறது. அங்கே வரும் நிதானமான சோலோ ஹெட்ஃபீல்டுடையது. பின்னால் வரும் பாய்ச்சல் ஹாமெட்டுடையது. இந்த இரண்டையும் ஒருவரே வாசித்திருக்கிறார் என்று நினைத்துக் கேட்பவர்களுக்குப் பாட்டின் பாதி நாடகம் போய்விடும். அமைதிக்குள் இறங்கும் மூட்டு அருமை. அமைதியிலிருந்து மேலேறும் மூட்டு அதைவிட அருமை: டிஸ்டார்ஷன் திரும்புகிறது, வேகம் திரும்புவதில்லை. கனம் முதலில், வேகம் பிறகு. இரண்டையும் சேர்த்துக் கொட்டியிருந்தால் வெறும் சத்தமாகியிருக்கும்.

ஓரியனுக்குப் பின்னால் நிற்பதற்குக் காரணம் முடிவு. சோலோவுக்குப் பிறகு சரணம் திரும்பி வரும்போது புதிதாக எதுவும் நேர்வதில்லை, முதலில் கேட்டதே திரும்புகிறது. சிரிப்பொலியோடு முடித்துவைக்கிறார்கள். பாட்டு அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

மூன்றாம் இடம்: டிஸ்போஸபிள் ஹீரோஸ்

எட்டே கால் நிமிடம், இளைப்பாற ஒரு கிளீன் பகுதிகூடக் கிடையாது. இந்த ஆல்பத்தின் நீளமான மற்ற இரண்டு பாட்டும் நடுவில் மூச்சு வாங்க இடம் தருகின்றன. இது தருவதில்லை. அப்படியிருந்தும் அலுக்கவில்லை என்றால் மூட்டு வேலை எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ரிஃப் மாறும்போதெல்லாம் பேசும் ஆளும் மாறுகிறார். போர்க்களத்தில் சாகப்போகும் சிப்பாய் ஒருபுறம், அவனை முன்னே தள்ளும் தளபதி மறுபுறம். தளபதியின் கட்டளை வரும் இடங்களில் ரிஃப் கட்டை போட்டாற்போலக் குறுகி, அடி அடியாக விழும். சிப்பாயின் பக்கம் வந்தால் கிட்டார் வாசிப்பவரின் வலது கை நிற்காமல் ஓடும். வார்த்தை புரியாதவருக்கும் இது புரிந்துவிடும். ரசிகர்களுக்குள் இது ‘மறைந்திருக்கும் முத்து’ என்று பேசப்படுவதுண்டு. முத்து என்பது சரி. மறைந்திருப்பதற்குக் காரணம், இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்ட உடனே வருவதால் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் தவறவிட்டதுதான்.

நான்கும் ஆறும்: பாட்டரி, டாமேஜ் இன்க்

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம். ஒன்று ஆல்பத்தைத் திறக்கிறது, மற்றது மூடுகிறது. இரண்டும் ஏறக்குறைய ஐந்தரை நிமிடத்துக்குள், இரண்டும் அமைதியில் தொடங்கி முழு வேகத்துக்குப் பாயும்.

பாட்டரியின் முகப்பில் நைலான் நரம்பு கிட்டார்கள் அடுக்கடுக்காக வருகின்றன, ஸ்பானிய வாசனையோடு. அடுத்து நடப்பதுதான் முக்கியம்: அதே மெட்டை டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார்கள் எடுத்துப் பேசுகின்றன. அதன்பிறகுதான் வேகம். ஆக, மூன்று படி. நடுப்படி இருப்பதால் மூன்றாவதில் ஏறும்போது தடுக்குவதில்லை.

டாமேஜ் இன்க்-இல் அந்த நடுப்படி இல்லை. முகப்பில் பர்ட்டனின் பேஸ் அலை அலையாக எழுந்து அடங்குகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஒரு பக்திப் பாடலிலிருந்து கிளைத்த யோசனை என்பார்கள். கேட்டால் நம்பத் தோன்றும், அவ்வளவு சாந்தம். அது ஓய்ந்து ரிஃப் வெடிக்கிறது. வெடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்னால் கேட்டதற்கும் பின்னால் வருவதற்கும் உறவு இல்லை. முகப்பை எடுத்து வேறு பாட்டுக்கு வைத்தாலும் பொருந்தும். ஆகவே பாட்டரி நான்கு, டாமேஜ் இன்க் ஆறு. வேகத்தை மட்டும் தேடுபவர்கள் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம், தவறில்லை.

ஐந்து: வெல்கம் ஹோம் (சானிட்டேரியம்)

மனநல விடுதியில் அடைபட்டவனின் குரல். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் எடுக்கும் ஹார்மோனிக் ஒலிகளோடு தொடங்கும் அந்த முகப்பு, ஆல்பத்திலேயே உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும் இடம். சரணம் கிளீன், பல்லவி கனம், பின்பாதி வேகம். முந்தைய ஆல்பத்திலும் நான்காவது பாட்டு இதே அச்சில்தான் இருந்தது. உண்மையில் முதல் நான்கு பாட்டின் வரிசையே அதன் மறுபதிப்பு: அக்குஸ்டிக் முகப்போடு வேகப் பாட்டு, பிறகு தலைப்புப் பாட்டு, பிறகு மெதுவான கனம், பிறகு இந்த மாதிரி ஒன்று. அச்சு தெரிந்துவிடுவதால் மூட்டு எங்கே வரும் என்பதும் தெரிந்துவிடுகிறது. நல்ல பாட்டு, ஆச்சரியம் குறைவு.

ஏழு: தி திங் தட் ஷுட் நாட் பி

திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கடலடிப் பூதங்களிலிருந்து பிறந்தது. மற்ற ஏழும் வழக்கமான ஈ சுருதியில் இருக்க, இதற்கு மட்டும் கிட்டார்களை ஒரு முழுச் சுரம் இறக்கி டி-க்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மெதுவான ஒரே காலப்பிரமாணத்தில் ஆறரை நிமிடம். மூட்டு என்று சுட்டிக்காட்ட அதிகம் இல்லை, ஏழாம் இடம் அதனால்தான். ஆனால் இந்தக் குறையே 1999-ல் நிறையானது. சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு அவர்கள் வாசித்த கச்சேரிப் பதிவில் இந்தப் பாட்டு மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறது. ரிஃப்களுக்கு நடுவே காலி இடம் இருந்ததால் பித்தளை வாத்தியங்கள் அதில் புகுந்துகொண்டன. வேகமான பாட்டுகளில் ஆர்கெஸ்ட்ராவுக்கு அப்படி இடம் கிடைக்கவில்லை. இந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்பவர்கள் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

எட்டு: லெப்பர் மெசையா

தொலைக்காட்சியில் காசு கேட்கும் மதப் பிரசங்கிகளைப் பற்றியது. நடுத்தர வேகம், நேரான நடை, நடுவில் ஒரு வேகப் பகுதி. அந்த வேகப் பகுதிக்குள் போவதும் வெளியே வருவதும் கதவைத் திறந்து மூடுவது போலத்தான் இருக்கிறது, இழைந்து போகவில்லை. யாராவது ஒருவர் கடைசியில் நிற்க வேண்டும். வேறு பல ஆல்பங்களில் இருந்திருந்தால் இது மூன்றாம் இடத்துக்குள் வந்திருக்கும்.

கேட்கத் தொடங்குபவர் எதில் தொடங்குவது

மேலே உள்ள வரிசைப்படி கேட்கத் தொடங்கக் கூடாது. மெட்டலே புதிது என்றால் சானிட்டேரியம், பிறகு தலைப்புப் பாட்டு, பிறகு ஓரியன். டிஸ்போஸபிள் ஹீரோஸை முதலில் போட்டால் முப்பது வினாடியில் எல்லாம் ஒரே இரைச்சலாகத் தோன்றிவிடும். வலது கையின் ஓட்டத்தைப் பிரித்துக் கேட்கக் காதுக்கு இரண்டு நாளாவது பழக்கம் வேண்டும்.

இசைத்தட்டில் கேட்பவர்களுக்கு ஒன்று. 55 நிமிடத்தை ஒரே தட்டில் அடக்கினால் பக்கத்துக்கு ஏறக்குறைய 27 நிமிடம் வரும். இருபது, இருபத்திரண்டு நிமிடம் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி அளவும் அடிசுரமும் குறையும். மையத்தை நெருங்க நெருங்க மேல்சுரங்கள் கரகரக்கும். அடி விழுவது சானிட்டேரியத்தின் பின்பாதிக்கும் டாமேஜ் இன்க்-குக்கும். நிமிடத்துக்கு 45 சுற்றில் இரண்டு தட்டாக வெட்டிய பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். டிஜிட்டலில் இந்தப் பிரச்சினை இல்லை.

வாசிக்கப் பழகுபவர் எதை எடுப்பது

இங்கே வரிசை கிட்டத்தட்டத் தலைகீழ். கேட்பதற்குக் கடைசியில் வைத்த லெப்பர் மெசையாதான் வலது கைக்கு முதல் பாடம். இந்த ஆல்பத்தின் ரிதம் கிட்டார் பெரும்பாலும் டவுன்பிக்கிங்: பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஒவ்வொரு முறையும் மேலிருந்து கீழே மட்டும். மேல்நோக்கி அடித்தால் வேலை பாதியாகும், ஆனால் ஒலி மெலிந்துவிடும். தலைப்புப் பாட்டு ஏறக்குறைய 212 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 212 துடிப்பு. எட்டில் ஒரு பங்குச் சுரங்களாக (துடிப்புக்கு இரண்டு) அடித்தால் நிமிடத்துக்கு 424 அடி, வினாடிக்கு ஏழு. இதை முதல் நாளே முயன்றால் முன்கை இறுகி, முதல் சரணம் முடிவதற்குள் நின்றுவிடும்.

140 பிபிஎம்-இல் தொடங்குங்கள். கீழ் ஈ கம்பியை பாம் மியூட் செய்து (உள்ளங்கையின் ஓரத்தால் லேசாக அமுக்கி), இரண்டு நிமிடம் நிற்காமல். சுத்தமாக வந்தால் அடுத்த நாள் நாலைந்து கூட்டுங்கள், வராவிட்டால் கூட்டாதீர்கள். 180-ஐத் தாண்டும்போது பெரும்பாலோர் சிக்கிக்கொள்கிறார்கள். பலம் போதாததால் இல்லை, அசைவு பெரிதாக இருப்பதால். பிக் நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கம்பிக்குக் கீழே போக வேண்டும். அடித்துவிட்டு அதற்குமேல் பயணம் செய்யக் கூடாது. அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும். முழங்கை ஆடத் தொடங்கினால் வேகத்தைக் குறையுங்கள். எரிச்சலைத் தாண்டி வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பிக் வளையக் கூடாது: 0.88 மில்லிமீட்டரிலிருந்து 1.14 வரை சரி.

பாம் மியூட்டில் நடக்கும் பொதுவான பிழை கையை வைக்கும் இடம். பிரிட்ஜின் (கிட்டாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) மேலேயே வைத்தால் மியூட் ஆகாது. கழுத்துப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளிவிட்டால் சுரமே செத்துவிடும். பிரிட்ஜை ஒட்டி, கம்பி புறப்படும் இடத்தில்தான் உள்ளங்கையின் ஓரம் உட்கார வேண்டும்.

ஒலியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஹெட்ஃபீல்ட் வாசித்தது மேசா பூகி மார்க் டூ சி பிளஸ் ஆம்ப் வழியாக, நடுச்சுரங்களைக் குறைத்துக் குழித்த ஈக்யூவோடு (ஒலிச் சமன் அமைப்போடு). அதைப் பார்த்து மிட் குமிழைச் சுழியத்தில் வைப்பவர்கள் அதிகம். பதிவில் ஒரே ரிஃப்பைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கியிருப்பதால் குழி தெரியவில்லை. ஒத்திகை அறையில் ஒற்றைக் கிட்டாராக நின்றால் ட்ரம்ஸ் தொடங்கிய உடனே நீங்கள் காணாமல் போவீர்கள். மிட்டைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். கெயினையும் (டிஸ்டார்ஷனின் அளவு) போதும் என்று தோன்றும் அளவிலிருந்து கொஞ்சம் குறைத்துவையுங்கள். கெயின் அதிகமானால் பிழை தெரியாது, திருத்தவும் முடியாது.

லெப்பர் மெசையா உட்கார்ந்த பிறகு தலைப்புப் பாட்டுக்கு வாருங்கள். அங்கே குழு கவிழும் இடம் அந்த அறுபட்ட சுற்று. கிட்டார் வாசிப்பவர் காதால் பிடித்துவிடுவார், ட்ரம்ஸ் 4/4-ஐ நீட்டிவிடும், இரண்டாவது சரணத்தில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பார்கள். எட்டு, எட்டு, எட்டு, ஐந்து என்று பாதி வேகத்தில் எல்லோரும் சேர்ந்து வாயால் எண்ணிப் பழகிய பிறகு வாத்தியத்தைத் தொடுங்கள். வேகம் ஏறியதும் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பதிவைப் போட்டு அதன் துளி நீட்டத்தைக் காதால் பிடிக்கலாம்.

தி திங் தட் ஷுட் நாட் பி-யை எடுத்தால் கம்பியை மாற்ற யோசியுங்கள். 0.009 அங்குலக் கனக் கம்பிகள் டி-க்கு இறங்கினால் தொளதொளக்கும், பவர் கார்டு (இரண்டு சுரங்களைச் சேர்த்து அடிப்பது) சுருதி விலகும். 0.010-இலிருந்து 0.052 வரையிலான செட் தாங்கும். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டார் என்றால் நிகழ்ச்சிக்கு நடுவில் சுருதி இறக்க நினைக்காதீர்கள், ஒரு கம்பியைத் தொட்டால் மற்ற ஐந்தும் நகரும். இரண்டாவது கிட்டார் ஒன்று தயாராக இருக்கட்டும். டிஸ்போஸபிள் ஹீரோஸைக் கடைசிக்கு வையுங்கள். மற்றதெல்லாம் கைவந்த பிறகும் அதற்கென்று ஒரு மாதம் போகும்.

ஓரியனை எடுப்பதா வேண்டாமா என்பதை பேஸ் வாசிப்பவர்தான் சொல்ல வேண்டும், கிட்டார் வாசிப்பவர் இல்லை. அவர் சரி என்றாலும் பதிவில் இருப்பது மேடையில் அப்படியே நடக்காத இடங்கள் இரண்டு உண்டு. தொடக்கம் மெல்ல எழுகிறது: அடுக்கிய பேஸ் ஒலியை ஒற்றை ஆள் தர முடியாது, ஆகவே வால்யூம் பெடலோடு கொஞ்சம் கோரஸ் எஃபெக்ட் சேர்த்து ஒரே வரியாக எழுப்பினால் போதும். முடிவு தேய்ந்து மறைகிறது: மேடையில் அப்படி மறைய முடியாது. முதல் பகுதியின் ரிஃப்புக்குத் திரும்பி வந்து, இரண்டு சுற்று வாசித்து, ட்ரம்ஸ் பார்வை கொடுத்ததும் ஒரே அடியில் நிறுத்திவிடுங்கள்.